கடைசியாகக் கற்றவர்

கண்டக்டரக்கா என்றால் அந்தப் பட்டறையில் தெரியாதவர் கிடையாது. பாதி ஆயுளை பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே கழித்தவள். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டாளே தவிர, வாய் மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தது. வாசலில் யாராவது தயங்கி நின்றால் போதும், "ஏன் படியிலயே தொங்குறீங்க, உள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பட்டறை என்றால் தெருக்காரர்கள் சேர்ந்து பிடித்த ஒரு பழைய டயர் கிடங்கு. உள்ளே நுழைந்ததும் ரப்பரும் மரத்தூளும் கலந்து மூக்கில் ஏறும். ஒரு மூலையில் வயர்களைப் பற்றவைக்கும் மேசை, ஒரு மூலையில் வயிறு பிளந்து கிடக்கும் ஃபேன்கள், நடுவில் கரண்டில் சுழன்று மரம் அறுக்கும் ரம்ப மேசை. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வாத்தியார் என்று ஒருவர் அங்கே கிடையாது. ஒரு மெஷினைக் கடைசியாகக் கற்றவர் யாரோ, அவர்தான் அடுத்து வருகிறவருக்குச் சொல்லித்தர வேண்டும். கற்ற சூடு ஆறியிருக்காது, தான் எங்கே தடுமாறினோம் என்பது மறந்திருக்காது என்று ஆரம்பித்தவர்கள் யோசித்து வைத்த முறை. கேட்டால் யாருக்கும் பிடித்துப்போகும். கண்டக்டருக்கும் பிடித்துப்போயிற்று.

அவளுக்கு ரம்பத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவள் முதலில் செய்த முக்காலி உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். "வளைவுல திரும்புற பஸ்ஸு மாதிரி இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டு, அதிலேயே உட்கார்ந்து டீ குடித்தாள். ஐம்பது வயதுக்கு மேல் தன் கையால் ஒரு சாமான் செய்துவிட்ட பெருமையில் அவளுக்குத் தலை கால் புரியவில்லை. அந்தப் பெருமையை யாரிடமாவது காட்ட வேண்டுமே. தங்கையிடம் காட்டினாள்.

தங்கை தையல்காரி. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் மெஷினும் அவளுமாக இருந்தாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அக்காவுக்கும் வேறு நாதி கிடையாது. தங்கை துணி வெட்டுவது தரையில் மண்டி போட்டு. இடுப்பு விட்டுப்போய்க்கொண்டிருந்தது. "நீயே வந்து உனக்கு ஒரு மேசை பண்ணிக்கோ, நான் சொல்லித் தர்றேன்" என்று அக்கா நச்சரித்து நச்சரித்துத்தான் அவளைப் பட்டறைக்குக் கூட்டி வந்தாள்.

"பலகையை இப்படி ஒட்டிப் பிடி. கடைசி வரைக்கும் கையால தள்ளிக்கிட்டே வா. அவ்ளோதான்."

தங்கை ஒரு பலகையைத் தள்ளினாள். நிறுத்தினாள். "அக்கா, கடைசில கை ரொம்பக் கிட்டப் போகுதே. பயமா இருக்கு."

கண்டக்டர் சிரித்தாள். நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் சிரித்தாள். "விரல்ல ஊசி ஏறினாக்கூட முகம் சுளிக்காதவ நீ. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நானே தள்ளுறேன், உனக்கென்னடி கேடு?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டு அடுத்த பலகையை எடுத்தாள். அந்தப் பலகை முடிகிற இடத்தில் ஒரு மரக்கணு இருந்தது. பலகை துள்ளியது.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வலது கை. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. அக்கா வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தங்கை அழவில்லை. வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா தினமும் சாப்பாடு கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். மறுநாள் அது வைத்த இடத்திலேயே இருந்தது. அக்காவுக்கு இருந்த ஒரே ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தாள், அந்தக் கதவு திறக்கவில்லை.

பட்டறையில் கூட்டம் போட்டார்கள். "பேசிக்கிட்டே தள்ளியிருக்கும் அந்தப் பொண்ணு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்டக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "வாயை அளந்து பேசுங்க. நான் சொன்னபடிதான் அவ செஞ்சா. சொல்லிக்கொடுத்தவ நான்" என்று எழுந்து நின்றாள்.

பட்டறையை ஆரம்பித்தவர்களில் ஒருத்தியான நர்ஸ் ரம்ப மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தள்ளுற கட்டை எங்க?" என்று கேட்டாள்.

"எந்தக் கட்டை?" என்றார் வேன்காரர்.

நர்ஸ் அவர் முகத்தையே பார்த்தாள். "கடைசி ஒரு சாண் நீளத்தை யாரும் கையால தள்ளக் கூடாது. அதுக்குன்னு நுனியில வெட்டு விட்ட ஒரு கட்டை இங்கயே இருக்கும். கட்டைதான் ரம்பத்துக்கிட்டப் போகணும், கை போகக் கூடாது."

அப்படி ஒன்று இருந்ததே அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ அது உடைந்து கழிவு மரத்தோடு போயிருக்கிறது. அதற்குப் பிறகு கற்றவர் கட்டை இல்லாமல் கற்றார். அவரிடம் வேன்காரர் கற்றார், வேன்காரரிடம் கண்டக்டர். ஒருத்தரும் எதையும் மறைக்கவில்லை, தனக்குத் தெரிந்ததை எல்லோரும் மனசாரக் கொடுத்திருக்கிறார்கள். வேன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். யார் மேலும் தப்பில்லை என்று கூட்டம் முடிவுசெய்தது. அன்றைக்கே புதுக் கட்டை ஒன்று செய்து, சிவப்பு பெயின்ட் அடித்து, ஆணியில் மாட்டினார்கள்.

யார் மேலும் தப்பில்லை. கண்டக்டருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முழங்கால் வலியைக் கூடப் பார்க்காமல் தங்கை வீட்டு மாடிக்கு ஓடினாள். கதவைத் தட்டித் தட்டி, வெளியே நின்றபடியே கத்தினாள். "கட்டை ஒண்ணு இருந்திருக்குடி! எனக்கு யாரும் சொல்லவே இல்ல! வேன்காரருக்கும் தெரியாது!"

கதவு திறந்தது. தங்கை பாதியாக இளைத்திருந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அக்கா சொன்ன முழுக்கதையையும் நின்றபடியே கேட்டாள்.

"கட்டை இருந்தது உனக்குத் தெரியாது. சரி" என்றாள். "பயமா இருக்குன்னு நான் சொன்னேனே, அது தெரியும்ல?"

வேன்காரர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நாளில் அவளும் அதையேதான் கேட்டாள், கை கிட்டப் போகுதே என்று. வேன்காரர் சிரித்தார். அவளுக்கு அவமானமாக இருந்தது, அதோடு விட்டுவிட்டாள். அங்கே ஏதோ ஒன்று குறைகிறது என்பதை அந்தக் கேள்வியே சொல்லியிருக்கிறது. கேட்ட ஒவ்வொருவரையும் சிரித்தே வாயை மூடவைத்திருக்கிறார்கள். அவளும் அதைத்தான் தங்கைக்குச் செய்தாள், அதுவும் நாலு பேருக்கு முன்னால்.

"என்னை மன்னிச்சிருடி."

"சாப்பாடு கொண்டு வராத" என்றாள் தங்கை. குரலில் கோபம் கூட இல்லை. "வேலை கத்துக்கணும் நான். இடது கையில கத்தரிக்கோல் பிடிக்கிறவங்க அங்க யாராவது இருந்தா அனுப்பு. நீ சொல்லித் தர வேண்டாம்."

"சரி" என்றாள் அக்கா. வேறென்ன சொல்வாள்?

முடிவெட்டுகிறவர் ஒருவர் பட்டறைக்கு வருவார், ரேடியோ ரிப்பேர் கற்க. இடது கைக்காரர். கண்டக்டர் அவரிடம் போய் நின்றாள். அவர் கடையை மதியம் சாத்திவிட்டு, தன் கத்தரிக்கோல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் வழிகாட்டிக்கொண்டு மாடி வரை போனாள். அவர் உள்ளே போனார். அவளை யாரும் கூப்பிடவில்லை, படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே துணி வெட்டுகிற சத்தம் தட்டுத்தடுமாறிக் கேட்டது. பிறகு தங்கையின் குரல். "வழுக்குதுங்க. பயமா இருக்கு."

சத்தம் நின்றது. "எங்க வழுக்குது? காட்டுங்க" என்றார் முடிவெட்டுகிறவர்.

இப்படித் திருப்பிக் கேட்க அவருக்கு ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரம் ஆகியிருக்குமா? அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.