ஏழரை ஹெச்பி மோட்டாரின் உதை

உத்தமபாளையம் ஜெய்லானியின் இடது மணிக்கட்டு நேராக இருக்காது. கொஞ்சம் வெளிப்பக்கமாகக் கோணியிருக்கும். முப்பது வருடத்துக்கு முன்னால், போர்வெல் மோட்டார் வேலையில் அவர் சேர்ந்த புதிது. மோட்டாரைக் குழிக்குள் இறக்கி, குழாயை முறுக்கும் ரிஞ்சை அதில் கவ்வக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் யாரோ ஓர் அவசரக்குடுக்கை ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுவிட்டது. குழாய் வெடுக்கென்று திரும்ப, ரிஞ்சு வந்து மணிக்கட்டில் அடித்த அடியில் எலும்பு இரண்டாகப் போனது.

வேறு ஆளாக இருந்தால் சுவிட்சைப் போட்டவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியதோடு விட்டிருப்பார். ஜெய்லானி திட்டவும் செய்தார், யோசிக்கவும் செய்தார். மோட்டார் சுற்றுவது ஒரு பக்கம். ரிஞ்சு வந்து அடித்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஏன்? மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த ஒன்றரை மாதமும் அவருக்கு இதே நினைப்புதான். கட்டுப் பிரிக்கும்போது விஷயம் பிடிபட்டிருந்தது. மோட்டார் தன் இறக்கைகளைத் தண்ணீருக்குள் ஒரு பக்கம் திருகுகிறது. தண்ணீர் என்ன இளிச்சவாயா? அதே வலுவோடு மோட்டாரை மறுபக்கம் திருகுகிறது. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய மோட்டாராக இருந்தால் அந்தத் திருகலைத் தரை வாங்கிக்கொள்ளும். ஐநூறு அடி ஆழத்தில் அந்தரத்தில் தொங்குகிற மோட்டாருக்குப் பிடிமானம் ஏது? மேலே இருக்கும் குழாய்தான் அத்தனையையும் தாங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஓடத் தொடங்கும் அந்த ஒரு நொடியில்தான் உதை.

உதை பட்டுப் பட்டு, குழாயை மோட்டாரோடு பிணைக்கும் மரை தளரும். மரை தளர்ந்தால் ஒருநாள் மோட்டார் கழன்றுபோகும். அதற்கு ஜெய்லானி ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய லாரி டயரை மூன்று துண்டாக வெட்டி, மோட்டாருக்கு நேர் மேலே குழாயைச் சுற்றி வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிடுவார். டயர் குழியின் சுவரை ஒட்டி நிற்கும். மோட்டார் திமிறும்போது உதையைச் சுவர் வாங்கிக்கொள்ளும், குழாய் தப்பிக்கும். கடையில் இதற்கென்று ரப்பர் வளையம் விற்கிறார்கள் என்று பிறகு தெரிந்தும் அவர் டயரை விடவில்லை. தன் கையால் வெட்டியதில்தான் அவருக்கு நம்பிக்கை.

மகள் ரஃபியா இயற்பியல் படித்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அத்தா, நீங்க சொல்ற உதை எங்க பாடத்துலயே இருக்கு. ஒவ்வொரு விசைக்கும் அதுக்குச் சமமா, எதிர்த்திசையில இன்னொரு விசை உண்டு. நியூட்டனோட மூணாம் விதி" என்றாள்.

"அந்தாளுக்கு எந்தக் கை ஒடிஞ்சது?" என்று கேட்டார் ஜெய்லானி.

அவருடைய மனைவி சாபிராவுக்குப் புரையேறிவிட்டது. மனிதருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். தன் வேலையைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் இன்னும் நீளும். அதுதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

ஆனைமலையன்பட்டிப் பக்கம் பொன்னுராஜ் என்பவருக்கு இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல். அவருடைய போர்வெல்லில் ஏழரை ஹெச்பி மோட்டார் ஒன்றை ஜெய்லானி இறக்கிக் கொடுத்தார். கூட்டாளி தங்கபாண்டி, மோட்டார் தூக்கும் வண்டிக்குச் சொந்தக்காரர். இருபது வருடப் பழக்கத்தில் ஜெய்லானியை மாமா என்றுதான் கூப்பிடுவார். இறக்கி இருபத்திரண்டாம் நாள், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. பொன்னுராஜ் ஆள் வைத்து மேலே ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்தார். இருக்க வேண்டிய எடை இல்லை. கீழே எங்கோ கழன்றுவிட்டது.

பந்தலில் கவாத்து முடிந்து துளிர் வந்திருக்கும் நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வருட மகசூல் அவ்வளவுதான். வயிற்றெரிச்சலில் பொன்னுராஜ் நேராக ஊர் டீக்கடைக்குப் போய், "பாய் மரையை ஒழுங்கா முறுக்காமப் போயிட்டாக" என்று பத்துப் பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டார். சொல் பந்தலுக்குப் பந்தல் போனது. மறுநாளே தேவதானப்பட்டியில் ஒருவர், "இப்ப வேணாம் பாய், பெறகு பாப்போம்" என்று ஒத்துக்கொண்ட வேலையைத் தள்ளிப்போட்டார். லோயர் கேம்ப்பில் இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.

ஜெய்லானிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அதே டீக்கடைக்குப் போனார். பொன்னுராஜும் அங்கேதான் இருந்தார்.

"முறுக்குனதும் நான், டயர் கட்டுனதும் நான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "மோட்டாரை மேல தூக்குவோம். என் கைத்தப்புன்னு தெரிஞ்சா இனிமே இந்த ரிஞ்சைத் தொட மாட்டேன். இது எங்க அத்தா மேல ஆணை."

வாயைவிட்ட பிறகு, வண்டியில் திரும்பும்போதுதான் அவருக்குள் ஒரு சின்ன அரிப்பு தொடங்கியது. டயர் கட்டினேனா? முறுக்கியது நன்றாக நினைவிருக்கிறது. முதல் குழாயை மோட்டாரில் பொருத்தி இறுக்கினார். ரிஞ்சைக் கீழே வைத்தார். அப்போதுதான் போன் அடித்தது. கம்பத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்துவிட்டதாக ரஃபியா சொன்னாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கபாண்டியைக் கட்டிப்பிடித்தார். பொன்னுராஜின் மனைவி சொர்ணலதா வீட்டுக்குள் போய்ச் சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் கையிலும் போட்டார். அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று எவ்வளவு யோசித்தாலும், நினைவில் வருவது அந்தச் சர்க்கரையின் இனிப்பு ஒன்றுதான். அவருடைய வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் அதிகம் இல்லை, பாவம்.

மறுநாள் காலையில் வண்டியோடு போனார்கள். பொன்னுராஜ் மோட்டார் ரூமுக்குள்ளிருந்து வந்தார். வாங்க என்று சொன்னாரே தவிர முகம் பார்க்கவில்லை. சொர்ணலதா பந்தலின் கல்தூணில் சாய்ந்து நின்றார்.

குழாய் ஒவ்வொன்றாக மேலே வந்தது. இருபத்தைந்தாவது குழாயின் அடிமுனை வெறுமனே வந்தது. மோட்டாருக்கு மேலே இருக்கும் முதல் மூட்டிலேதான் கழன்றிருந்தது. நல்லவேளை, மோட்டாரில் தனியாகக் கட்டியிருந்த நைலான் கயிறு அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, சேறு பூசிக்கொண்டு மோட்டாரும் வெளியே வந்து சேர்ந்தது.

தங்கபாண்டிதான் முதலில் பார்த்தார். டயர் இல்லை. மாமாவின் முகத்தையும் பார்த்தார். உடனே குரலை உயர்த்தினார்.

"டயரு அத்துக்கிட்டு அடியில போயிருச்சு போல. இந்தக் கரண்டு இருக்கே, ஒரு மணி நேரத்துல நாலு தடவ போயிப் போயி வருது. ஒவ்வொரு தடவையும் மோட்டாரு உதைச்சா மரை என்னத்துக்கு ஆகும்? இதுல மாமா மேல என்ன தப்பு?"

பொன்னுராஜ் சண்டை பிடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ சட்டென்று தலையை ஆட்டினார். "ஆமாமா. கரண்டு செஞ்ச வேலைதான். நான்தான் கோவத்துல வாயை விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீக பாய். கடையில நானே சொல்லிர்றேன்."

முடிந்தது. கெட்ட பெயர் போய், பழைய பெயர் திரும்பிவிட்டது. மோட்டாரைக் கழுவி, மறுபடி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழியைக் கரண்டு மேல் போட்டால் கரண்டு வந்து மறுத்துப் பேசவா போகிறது?

ஜெய்லானி குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். குழாயின் அடிமுனையில் இருந்த சேற்றைக் கட்டை விரலால் வழித்தார். கட்டுக்கம்பியை முறுக்கி இறுக்கினால் குழாயில் அதன் வரி விழாமல் இருக்காது. இங்கே ஒரு கீறல்கூட இல்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. ஒரு சாண் நீளத்துக்குத் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடியும் தடவிப் பார்த்தார்.

"மாமா, நேரமாகுது" என்றார் தங்கபாண்டி. பேசாதே என்று சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல்.

ஜெய்லானி எழுந்தார். ரிஞ்சை எடுத்துவந்து பொன்னுராஜின் காலடியில் வைத்தார்.

"டயர் அத்துப் போகலை. நான் கட்டவே இல்லை. கம்பி வரி இருக்கான்னு நீங்களே பாருங்க. மக வேலைக்குப் போற சந்தோசத்துல மறந்துட்டேன். கடையில ஆணை வச்சப்ப கட்டுனேன்னு நம்பித்தான் வச்சேன். ஆனா ஆணை ஆணைதான். இந்த மோட்டாரை வேற ஆளை வச்சு எறக்கிக்கங்க. எறக்குறவர்கிட்ட டயர் கட்டச் சொல்லுங்க."

தங்கபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது என்று ஜெய்லானிக்கும் தெரியாது. ஆனாலும் முந்தின நாளிலிருந்து நெஞ்சில் இருந்த அரிப்பு நின்றிருந்தது. பொன்னுராஜ் கத்தட்டும், நாலு பேரைக் கூட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நின்றார்.

பொன்னுராஜ் கத்தவில்லை. ரிஞ்சைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சொர்ணலதா கண்ணெடுக்காமல் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் பாக்குறீக?" என்றார் அவர். "அவுக சொல்லிட்டாக. நீங்க?"

பொன்னுராஜ் மோட்டார் ரூமுக்குள் போனார். உரச் சாக்குகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருந்தது. நாலைந்து வயர்கள் அவசரமாக அறுத்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்டோ ஸ்டார்ட்டர். இதை மாட்டிவிட்டால் யாரும் தோட்டத்துக்கு வந்து சுவிட்சைப் போட வேண்டியதில்லை. கரண்டு வந்த மறுநொடியே மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். எத்தனை தடவை போய்த் திரும்பினாலும் அத்தனை தடவையும் ஓடும். அத்தனை தடவையும் உதைக்கும்.

பொன்னுராஜ் அந்தப் பெட்டியை ரிஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாட்டாதீக, மாட்டாதீகன்னு அன்னைக்கே ரெண்டு தடவ சொன்னீக. நீங்க போன மறுநாளே மாட்டிட்டேன். நீங்க வர்றீகன்னதும் காலையிலதான் கழத்தி ஒளிச்சு வச்சேன். மரை கழண்டது எதுனாலன்னு எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு பாய். தெரிஞ்சேதான் கடையில உங்க பேரைச் சொன்னேன்."

ஜெய்லானிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று நாள் சோறு இறங்காததற்கு நியாயமாகவே வந்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்தார், எதிரே வியர்த்து நிற்கும் மனிதரைப் பார்த்தார். கோபம் வரவில்லை. தான் ரிஞ்சைக் கொண்டுவந்து வைத்த அதே மாதிரிதான் அவரும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"ரெண்டு பேரும் சொல்லியாச்சுல்ல?" என்றார் சொர்ணலதா. "துளிரு வாடுது. எறக்குற வேலையைப் பாருங்க."

"ஆணை வச்சிருக்கேனே ஆத்தா" என்றார் ஜெய்லானி.

"உங்க கைத்தப்புன்னு தெரிஞ்சா தொட மாட்டேன்னுதானே சொன்னீக? ஒத்தக் கைத் தப்பா இது?"

பொன்னுராஜ் குனிந்து ரிஞ்சை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் வேட்டியில் துடைத்து ஜெய்லானியிடம் நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை.

"கடையில என்ன சொல்லுவீக?" என்று கேட்டார் ஜெய்லானி.

"பெட்டி மாட்டுனது என் தப்புன்னு சொல்லுவேன்."

"நானும் வர்றேன். டயர் கட்டாதது என் தப்புன்னு நான் சொல்லணும்."

"சரி பாய். ஆளுக்குப் பாதின்னு சொல்லிருவோம்."

"பாதியெல்லாம் கிடையாது" என்று சொல்லி ஜெய்லானி ரிஞ்சை வாங்கிக்கொண்டார். "ஆளுக்கு முழுசு."