எர்த் இல்லாத மோட்டார்

சூரியநெல்லிக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இலை அரிப்பது, மருந்து போடுவது, காலையும் மாலையும் பம்பு ரூமில் மோட்டாரை ஓட்டி நிறுத்துவது. அதற்கு முன் ஒன்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தேன். பொம்பளைக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒன்பது வருடம்தான் பதில்.

போன மழை முடிந்த கையோடு குளத்து மோட்டார் கருகிப் போனது. தண்ணீரைத் தடுக்கிற சீல் ஒழுகி, தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ஒழுகுகிறது என்று மேனேஜரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவர் எர்ணாகுளத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். பழையதைவிடப் பெரிய மோட்டாராக வாங்கினார். அடிமாலியிலிருந்து வந்த மெக்கானிக் மதியத்துக்குள் மாட்டிவிட்டார். சுத்தமான வேலைதான். ஆனால் கடைசியில் பச்சை வயரை மட்டும் மடித்து, டேப் சுற்றி, ஓரமாக விட்டார்.

“தம்பி, எர்த் குடுக்கலையே?”

“பழசுலயும் இப்படித்தாங்க்கா கெடந்துச்சு. ஒண்ணும் ஆகாது.”

தொழிற்சாலையில் இலை வாட்டுகிற இடத்தில், என்னோடு வேலை பார்த்தவள் ஈரக் கையோடு ஒரு ஃபேனின் இரும்பைத் தொட்டாள். உயிர் பிழைத்தாள். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்காது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் அந்த ஃபேனுக்கு இல்லை என்று பிறகுதான் சொன்னார்கள்.

வெளியே ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அதற்குள் குளத்தில் இறங்கிவிட்டார்கள். மேனேஜர் பம்பு ரூம் வாசலில் வந்து நின்றார். அவர் தமிழ் பாதி மலையாளமாக இருக்கும்.

“எந்தா சேச்சி, ஸ்விட்ச் போடு. கெஸ்ட் வந்தாச்சு.”

“எர்த் குடுக்காம போட மாட்டேன் சார்.”

“நிங்கள் எலக்ட்ரீஷியனா? இலை அரிக்கிற ஜோலி, அது மட்டும் பாத்தா போதும்.”

நான் ஃபியூஸைப் பிடுங்கி ஸ்வெட்டர் பையில் போட்டேன். மெக்கானிக்கையும் வெளியே வரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

“வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்குங்க. பிள்ளைக தண்ணிக்குள்ள நிக்குறப்ப நானும் போட மாட்டேன், வேற யாரையும் போட விடவும் மாட்டேன்.”

சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிலேயே இருந்தேன்.

பிள்ளைகளின் அம்மாவுக்கு என் குரல் கேட்டிருக்க வேண்டும். அவர் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டார். மெக்கானிக்தான் முதலில் வழிக்கு வந்தார். “சார், அஞ்சு நிமிச வேலைதான், குடுத்துர்றேன்” என்று பச்சை வயரை மோட்டாரோடு இணைத்தார். பல்பு வைத்துச் சோதித்தால்தான் நம்புவேன் என்றேன். ஃபியூஸைத் திருப்பிக் கொடுத்தேன். பல்பின் ஒரு வயரைக் கரண்டிலும் மற்றதைப் பச்சையிலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் எரிய வேண்டும்; பல்பு எரியவில்லை.

பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே சுவருக்குப் பின்னால் போனோம். மண்ணுக்குள் இருக்க வேண்டிய எர்த் பைப் துருப்பிடித்து முறிந்திருந்தது. வயர் வெறும் கல்லின் மேல் கிடந்தது. மெக்கானிக் சொன்னது சரிதான், பழைய மோட்டாரும் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது. ஈரக் கையோடு தினமும் அதைத் தொட்டவள் நான்.

“அக்கா, இத நம்பி ஸ்விட்சப் போட்டு, மோட்டார்ல கரண்டு கசிஞ்சிருந்தா குளத்துத் தண்ணியிலயும் ஷாக் அடிச்சிருக்கும்” என்றார் மெக்கானிக். மேனேஜரும் எட்டிப் பார்த்துவிட்டு, குழி வெட்ட ஆளைக் கூப்பிட்டார்.

குளத்தை இரண்டு நாள் மூடினோம். புதிதாகக் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். மூன்றாம் நாள் பல்பு பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பிறகுதான் என் கையால் ஸ்விட்சைப் போட்டேன்.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. கெஸ்ட் முன்னால் எதிர்த்துப் பேசியதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார் மேனேஜர், அதுவும் மலையாளத்தில். நான் தமிழில் எழுதினேன்: “குளத்தில் குழந்தைகள் இருந்தார்கள். மோட்டாருக்கு எர்த் இல்லை. இனி ஒரு தடவை இப்படி நடந்தாலும் இதையேதான் செய்வேன்.” கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. சமையல்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். தேனிக்காரரான அந்த மனிதர், ஒரு தடவை கேட்டதற்கு இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை சமையலறை முழுக்கக் கேட்டது.