எழுந்தால் இரண்டு சீட்டு

வீட்டில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவள் அக்கா. சும்மா ஒன்றும் வைக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவான். திரும்பி வந்து ஒரு வாய் வைத்ததும் புழுங்குகிறதே என்று போய்த் திறப்பான். வேலையிலும் இதே கூத்துதான். செருப்புக் கடை, கூரியர் ஆபீஸ், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி என்று போகாத இடமில்லை. ஒருத்தரும் துரத்தவில்லை. இருப்புக்கொள்ளாமல் அவனாகவே விட்டுவிட்டு வந்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு வேலை பிடித்துப்போயிற்று என்றால் நம்புவீர்களா? அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஃபிரேம் மாற்ற வந்த அம்மாள், செல்போன் விளையாட்டு செய்யும் கம்பெனியில் டீம் லீடர். நான்கு நிறச் சீட்டுகளை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆடுவார்களே, கையில் ஒன்றே ஒன்று மிஞ்சினால் "ஒத்தை!" என்று கத்த வேண்டுமே, அந்த ஆட்டத்தைப் போனுக்கும் டிவிக்கும் கொண்டுவர இவர்கள் உரிமை வாங்கியிருந்தார்கள். முன்பே வேறு சிலர் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட சமாச்சாரம் அது. ஒருவர் செய்ததில் சீட்டு விழும்போதெல்லாம் திரையில் வெடியும் பொறியும் பறக்கும், யார் முறை என்றே தெரியாது. இன்னொன்று மனுஷனை யோசிக்கவே விடாது.

"ஆடிப் பாத்து நொட்டை சொல்ல ஒரு ஆள் வேணும்," என்றார் அந்த அம்மாள்.

"என் தம்பிய எடுத்துக்கங்க மேடம். சின்ன வயசுலேருந்து இத ஆடியே வளந்தவன். பாதியில ஓடினான்னா என்னைக் கேளுங்க," என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"சீட்டாடினா எல்லா வீட்டுலயும் திட்டுவாங்க. உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. யோகம்தான் போங்க," என்றாள் வீட்டில் அவன் மனைவி.

மேசை மேல் நான்கு போன்கள் வைத்திருந்தார்கள். நான்கு பேராகவும் அவனே ஆடுவான். நின்றுகொண்டு ஆடலாம், நடந்துகொண்டு ஆடலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. பச்சைக்கு மேல் நீலம் விழுகிறது என்பான். "ஒத்தை" சொல்லும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டவில்லை என்பான். பக்கத்து மேசை புரோகிராமர் தலையில் அடித்துக்கொள்வார். "உங்ககிட்ட எங்க மாமியாரே பிச்சை வாங்கணும் சார்!" என்பார். ஆனால் சொன்னதை எல்லாம் சரிசெய்வார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாற்காலியை விட்டுப்போக அவனுக்கு மனசு வரவில்லை. சோதனைக் காலம் முடிந்து நிரந்தரம் ஆக்க வேண்டுமே, ஆக்குவார்களா, மாட்டார்களா என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் மனைவி கூப்பிட்டாள். விளையாட்டை விட்டு வெளியேறிப் பேசிவிட்டு உள்ளே வந்தால், கைச்சீட்டு போட்டது போட்டபடி இருக்கிறது. அவனுக்கு வந்ததே கோபம்.

"என்ன சார் இது? எழுந்து போனவனுக்கு ரெண்டு சீட்டு தண்டம் ஏறணும்ல?"

"அப்படி ஒரு ரூல் இருக்கா என்ன?" என்றார் புரோகிராமர்.

"இருக்காவா! அடிப்படையே அதுதான் சார். எழுந்தா ரெண்டு. நீங்கல்லாம் எந்த வீட்டுல ஆடினீங்க?"

பாவம், அவர் வீட்டில் யாரும் சீட்டைத் தொட்டதே கிடையாது. இவன் சொன்ன வேகத்தில் நம்பி, விதியைச் சேர்த்துவிட்டார்.

சில குடும்பங்களுக்குக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். வந்தது பாருங்கள் வசவு! போன் வந்தால் இரண்டு, ஆட்டத்தை மூடிவிட்டு அடுப்பை அணைக்கப் போனால் இரண்டு. ஒரு வீட்டில் குழந்தைக்கு வயிறு சரியில்லை, அது போய்ப் போய் வந்ததில் திரை முழுக்கச் சீட்டு. விஷயம் உரிமை கொடுத்தவர்கள் காதுவரை போய்விட்டது.

டீம் லீடர் விதித்தாளை அவன் முன்னால் விரித்துப் போட்டார். "எங்க இருக்கு, காட்டுங்க."

முன்னும் பின்னும் புரட்டினான். "இருக்கணும் மேடம். என் தலை மேல சத்தியமா."

"உங்க தலைய வச்சு நான் என்ன பண்றது? யாராவது ஒருத்தர் இதுக்குப் பதில் சொல்லணும்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள காட்டுங்க. இல்லன்னா நீங்க இங்க இருக்க முடியாது."

மாடிப்படியில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். ஏறிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, எழுந்தா ரெண்டு, அது எதுல போட்டிருக்கு? சீக்கிரம் சொல்லு, என் வேலை அதுலதான் தொங்குது."

"ஐயையோ," என்றாள் அக்கா. "அது எதுலயும் இல்லடா. நான் போட்டது."

"நீயா? எதுக்கு?"

"அம்மா வீட்ட விட்டுப் போனப்ப. ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு அப்பா உன்கிட்ட சொல்லி வச்சிருந்தாரு. நீ ஒரு சீட்டு போடுவ, வாசலுக்கு ஓடுவ. வருவ, மறுபடி ஓடுவ. இனி வரமாட்டான்னு என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாரு. உன்கிட்ட எந்த வாயால சொல்றது? உன்ன உக்கார வைக்க வேற வழி தெரியல."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "மேடம்கிட்ட நான் பேசட்டுமா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "வேண்டாம்," என்று வைத்துவிட்டு மேலே போனான்.

"எங்க வீட்டு ரூல் மேடம். எனக்கே இப்பதான் தெரியும்," என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை. தப்பில் பாதி தன்னுடையது என்று புரோகிராமர் எழுந்து நின்று சொல்லிப் பார்த்தார். டீம் லீடர் நல்லவர்தான், முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனான். அக்கா தனியாக இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"என் வாயாலதான் வேலை வந்துச்சு. என் வாயாலயே போச்சு," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அத விடுக்கா. வேலைக்கென்ன." அவன் அலமாரிக்கும் மேசைக்குமாக நடந்தான். "ஒண்ணு கேக்கணும். நீ ஒரு தடவைகூட ரெண்டு எடுத்ததில்ல. எழுந்ததே இல்ல. அம்மா வரமாட்டான்னு தெரிஞ்சதாலதான?"

"நான் எதுக்குடா எழுந்திருக்கணும்? நான் உக்காந்த இடத்துலேருந்தே வாசல் தெரியுமே."

அவன் நடையை நிறுத்தினான். "தெரிஞ்சுமா பாத்துக்கிட்டிருந்த?"

"ம்," என்றாள் அக்கா. "அந்த இடத்த மட்டும் உனக்கு ஒரு நாளும் விட்டுக்குடுத்ததில்ல."