எங்கள் தெருவில் வெளிநாட்டுக்காரி யாரும் இல்லை

1. செவ்வாய்க்கிழமை காலை, என் விசா நீட்டிப்புக்காக முகவரியைச் சரிபார்க்க ஏட்டு ஒருவர் எங்கள் காரைக்குடித் தெருவுக்கு வந்தார்.

2. அந்த நேரத்தில் நான் வேலை விஷயமாகக் கொத்தமங்கலத்தில், விடுதியாக மாறிக்கொண்டிருக்கும் ஒரு பழைய வீட்டின் பரணில் ஏறிப் பழைய மின்கம்பி எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கைப்பேசி கீழே பையில் இருந்தது.

3. "தர்ஷினின்னு வெளிநாட்டுப் பொண்ணு இங்க இருக்கா?" என்று எதிர்வீட்டு ராஜாத்தி அக்காவிடம் அவர் கேட்டார்.

4. தையல் மிஷினை நிறுத்தாமலே அக்கா சொன்னது: "அப்படி யாரும் இங்குட்டு இல்ல சார்."

5. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொய் சொல்லாதவர். பெயரைச் சொல்லாமல், வெளிநாட்டுப் பெண் யாரும் உண்டா என்று கேட்டதற்கு அவரும் அதையே சொன்னார்.

6. ஏட்டு குறித்துக்கொண்டு போய்விட்டார். விசா முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

மலேசியாவில், என் ஊரான கிள்ளானில் இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தெருவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை கதவைத் திறக்காமல் தூங்கினால், காய்ச்சலா என்று கேட்டு இரண்டு பேர் ஜன்னலில் நிற்பார்கள். ஒருநாள்விட்டு ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் வரும். முந்தின நாள் மாலையே குடங்கள் வரிசையில் நிற்கும், யார் குடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டில் கிரில் கதவு, அதற்கு ஒரு பூட்டு, அதற்கு வெளியே ரிமோட்டில் திறக்கும் இன்னொரு கதவு. பக்கத்து வீட்டாரின் கார் எண் இன்றும் எனக்கு மனப்பாடம். பெயர் தெரியாது. அதனால்தான், இத்தனை கண்கள் உள்ள தெருவில் என்னை யாரும் பார்த்ததில்லை என்று பதிவாகும் என நான் நினைத்தே பார்க்கவில்லை.

அன்று மாலை அக்கா வாசலிலேயே காத்திருந்தார். "போலீசு வந்துச்சு. ஆளே இல்லேன்னு அனுப்பிட்டேன். நீ பயப்படாத" என்றார், குரலைத் தாழ்த்தி. விசா என்றால் என்ன, இந்த விசாரணை எதற்கு என்று விளக்கினேன்.

"அப்ப, இருக்கேன்னு சொல்லணுமா?"

"ஆமாக்கா."

"அத மொதல்லயே சொல்ல வேணாமா புள்ள? குடத்தப் பாத்துக்கங்கன்னு ஊருக்கே சொல்லிட்டுப் போவ, இத மட்டும் சொல்ல மாட்ட."

ஆரோக்கியம் சாருக்குத்தான் வருத்தம். "வெளிநாட்டுப் பொண்ணுன்னு கேட்டாரும்மா. எனக்கு உன் ஞாபகமே வரல" என்றார்.

ஏட்டைத் தொலைபேசியில் கெஞ்சி, சனிக்கிழமை மறுபடி வரவழைத்தேன். அவர் படிவத்துக்குத் தேவை இரண்டே விஷயம்: நான் வெளிநாட்டவர், நான் இங்கே குடியிருக்கிறேன். அக்கா தயாராக நின்றார்.

"இருக்கா சார். ஒன்றரை வருசமா இந்த வீட்லதான் இருக்கா."

"மலேசியாக்காரங்கதான?"

"யாரு, இவளா? என்ன சார் இப்படிக் கேக்குறீக? இங்கனயே பொறந்து வளந்த புள்ள சார் இது."

ஏட்டு பேனாவை மூடினார். "இங்கனயே பொறந்திருந்தா விசா எதுக்கும்மா? எதைத்தான் நான் எழுத?"

அந்த நொடியில் எனக்குப் பதினொரு வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. கிள்ளான் பள்ளியில் ஒரு பூப்பந்து மட்டைக்காக நடந்த சண்டையில், என் வகுப்புப் பெண் ஒருத்தி "பாலெக் இந்தியா" என்றாள். இந்தியாவுக்கே திரும்பிப் போ என்று அர்த்தம். சுற்றி முப்பது பேர் நின்றார்கள். இவள் இங்கேயே பிறந்தவள் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அது உண்மையாகவே இருந்திருக்கும். பதினெட்டு வருடம் கழித்து, வேறொரு நாட்டில், ராஜாத்தி அக்கா அதைச் சொல்லிவிட்டார். அதை வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டியவள் நான்.

"அக்கா, நான் வெளிநாட்டுக்காரின்னு சொல்லுங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "என் வாயால சொல்ல மாட்டேன். அவரே எழுதட்டும், கையெழுத்துப் போடுறேன்."

ஏட்டு எழுதினார். ஆரோக்கியம் சார் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருமுறைக்கு இருமுறை வாசித்துக் காட்டினார்: மேற்படியார் மலேசிய நாட்டைச் சேர்ந்தவர், எதிர் வீட்டில் வசிக்கிறார். அக்கா அழுத்திக் கையெழுத்திட்டார். ஏட்டின் வண்டி தெருமுனை திரும்பியது. பிறகு, "எழுதுனது பேப்பருக்குத்தான். மனசுல வச்சுக்கிறாத" என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார்.

இன்று புதன்கிழமை. கோப்பு சிவகங்கையில் இருக்கிறது. இணையதளத்தில் "பரிசீலனையில்" என்று வருகிறது. விசா முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. என் சிவப்புக் கடவுச்சீட்டு அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. நாளை தண்ணீர் வரும் நாள். வரிசையில் என் குடம் மூன்றாவது.