ஈரம் காயாத தூரிகை

இது கட்டுக்கதை அல்ல. என் நாத்தனாருக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவளிடமே கேட்கலாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

வீட்டில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பெயர். கட்டின புருஷன் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொடமாட்டாள். பெற்ற மகள் பாதி கடித்த பிஸ்கட்டை ஆசையாக நீட்டினால் வாங்கிக்கொள்வாள். குழந்தை அந்தப் பக்கம் திரும்பியதும் குப்பையில் போடுவாள். நானெல்லாம் ஒரு தாயா என்று உள்ளுக்குள் குன்றிப்போவாள். ஆனாலும் வாயில் வைக்க முடியாது.

பழைய கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதைகளுக்குக் கணினியில் வண்ணம் கொடுப்பது அவள் வேலை. அந்த முறை பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: அந்தக் காலத்து நிறமே வேண்டும், இப்போதைய பளபளப்பு கூடாது. மாதிரிக்காக, அந்தக் காலத்தில் ஒரு பெண் கையால் வண்ணம் தீட்டிய சில தாள்களையும் அந்தப் பெண்ணின் தூரிகையையும் அனுப்பியிருந்தார்.

மற்ற நிறங்கள் வந்துவிட்டன. முகத்தின் நிறம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. திரையில் பிணக்களை தட்டியது. வாட்டர் கலர் டப்பா வாங்கி, அந்தத் தூரிகையாலேயே தாளில் கலந்து பார்த்தாள். ஊகூம்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்... சோதனைத் தாளில் ஒரு பொட்டு நிறம். ஈரமாக. அச்சு அசல் அதே நிறம்.

தூரிகையின் நுனி ஊசிபோல் கூராக இருந்தது. முகர்ந்தாள். சாய வாடை இல்லை. எச்சில் வாடை. தூங்கி எழுந்த வாயின் வாடை.

தூரிகையைச் சட்டென்று கீழே வைத்தாள். ஆனாலும் அந்த நிறத்தைப் படமெடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பினாள்.

"இதும்மா! இதைத்தான் கேட்டேன்! எப்படிப் புடிச்சீங்க?"

"தானா வந்துச்சு சார்."

அடுத்து உதட்டின் நிறம் வந்தது. பிறகு கன்னத்தின் சிவப்பு. அவள் ஆராயவில்லை. ஆராய்ந்தால் நின்றுவிடுமோ என்று பயம். ஒரு நாள் தூரிகை நுனியிலிருந்து மேசை வரை எச்சில் நூலாகத் தொங்கியது. துடைத்துவிட்டு, தோல் சுருங்கும்வரை கைக்குச் சோப்புப் போட்டாள்.

"உன் செல்ல மக வேலைதான்," என்று புருஷன் சிரித்தான். "சம்பளத்துல பாதிய அவகிட்ட குடுத்துடு."

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய தூரிகையில் என்ன விஷம் ஊறியிருக்கிறதோ... அது குழந்தையின் வாய்க்குள் போனால்?

மறுநாள் மதியம் மகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேலை அறையிலிருந்து ஒரு சத்தம்.

சப்... சப்...

ஓடினாள்.

மேசையருகே முக்காலியில் மகள். கைகள் மடியில். கண்கள் மூடியிருந்தன. நாக்கை முழுதாக வெளியே நீட்டியிருந்தாள்.

தூரிகை மேசைமேல் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. ஆனால் நாக்கின்மேல் புதிதாக ஒரு கோடு விழுந்தது... முகத்தின் நிறத்தில்.

"குட்டி! துப்பு! துப்புடி!"

துப்பவில்லை. வாய் மூடிக்கொண்டது.

வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். விரல்களை மகளின் வாய்க்குள் விட்டாள். எச்சில் கொழகொழவென்று மணிக்கட்டு வரை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாயத்தை வழித்தாள்.

வெதுவெதுப்பாக நாக்கு.

அதற்கடியில்...

இன்னொன்று.

சின்னது. சில்லிட்டது. சொரசொரவென்று காய்ந்தது.

அது அவள் விரல் நுனியைச் சுற்றித் திருகியது... கூராக்குவதுபோல.

அவள் அலறிய அலறலில் மகள் விழித்து அழுதாள். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். ஒரே நாக்கு. "பாப்பா நல்லாத்தான் இருக்கா. நீங்கதான் கொஞ்சம் ஓய்வெடுக்கணும்."

தாள்களையும் தூரிகையையும் திருப்பி அனுப்பினாள். பதிப்பாளர் போன் செய்து கெஞ்சினார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சார், அந்தம்மா பிரஷ்ஷ நக்கி நக்கித்தான் வேலை செய்வாங்களா?"

"அவங்களா? சேச்சே! வாய்கிட்டகூடக் கொண்டுபோக மாட்டாங்களாம். பக்கத்துல பெத்த பொண்ண உக்காரவெச்சு, அது நாக்குலதான் நுனியக் கூராக்குவாங்களாம். பள்ளிக்கூடம் போற வயசுக்கு முன்னாடியே செத்துப்போயிடுச்சும்மா அந்தப் புள்ள. அதுக்கப்புறம் அந்த நிறம் அந்தம்மாவுக்கே வரலையாம்."