தனக்கோடி சமைத்த வீடு

பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் சந்தில் யார் என்ன சாதி என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். என் ஜெராக்ஸ் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார் என்று இருபது வருடமாக எல்லாரும் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, இந்த ஊர்மேல் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைவு. தனக்கோடியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தனக்கோடி எனக்கு எதிர்வீடு. வயது நாற்பத்திரண்டு. புருஷன் பெயிண்டர், வேலை இருந்தால் உண்டு. ஒரே பெண் மகா, பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். மாமனார் காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம் அது. முன்னறையில் புத்தர் படத்துக்குக் கீழே மகா தன் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பாள்.

தனக்கோடி பிறந்தது ஆனேக்கல் பக்கம். பதினாறு வயதில் கார்மென்ட்ஸுக்குப் போனாள். மகா பிறந்த பிறகு அந்த வேலை போய், கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கப் போனாள். அடுப்பு இருக்கும் இடத்துக்கு அவளை விடமாட்டார்கள். வெளியே ஷாமியானாவுக்குக் கீழே பூசணிக்காயும் வாழைக்காயும் மலைபோல் கிடக்கும், அங்கேதான் அவள் இடம். ஆனால் மூக்கை யார் தடுப்பது? புளிக்காய்ச்சலுக்கு எப்போது வெந்தயம் விழுகிறது, சாத்தமுதுக்கு எந்த நிமிடம் பெருங்காயம் கரைகிறது என்பதையெல்லாம் வெளியே உட்கார்ந்தே கற்றுக்கொண்டுவிட்டாள். சாத்தமுது என்றால் ரசம். ஐயங்கார் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கல்யாணச் சமையலை எடுத்து நடத்திய கான்ட்ராக்டர்தான் அவளை டோம்லூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் சமையலுக்குச் சேர்த்துவிட்டார். "காஞ்சிபுரம் பக்கத்துப் பொண்ணு, கை சுத்தம்" என்றாராம். அவள் அம்மாவின் ஊர் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு காலனி என்பதால் அதில் பொய்யும் இல்லை. வீட்டு எஜமானி அலர்மேல்மங்கை, தனக்கோடிக்கு மாமி. கணவர் மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை ஹர்ஷா கம்ப்யூட்டர் கம்பெனியில். மருமகள் வீணா அரசுப் பள்ளி டீச்சர். பேத்தி ரக்ஷாவுக்கு இப்போது ஆறு வயது. மாமி முதல் நாள் சாப்பிட்டுவிட்டு, "தனம்னு கூப்பிடறேன், நாளைலேர்ந்து வா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வந்த உறவினர்களிடம் மாமியே சொல்லிக்கொண்டாள்: "காஞ்சிபுரத்துக்காரி. நம்மளவா மாதிரிதான்."

அந்த 'மாதிரி'யைத் தனக்கோடி பதினோரு வருடம் சுமந்தாள். வாசலில் செருப்போடு 'இன்னா'வையும் கழற்றி வைத்துவிட்டு 'என்ன மாமி' என்பாள். தன் வீட்டில் கறி மீன் சனிக்கிழமை மட்டும்தான். ஞாயிறு விடுமுறை, அன்றைக்குத் தலைக்கு ஊற்றி, புடவையெல்லாம் துவைத்துவிட்டுத் திங்கட்கிழமை போவாள். மகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "நம்ம வூட்ல நாம சாப்புடறதுக்கு அவங்க இன்னாத்துக்கும்மா லீவு குடுக்கணும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். மகா படிப்பு முடியும்வரை அந்தச் சம்பளம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சென்ற புரட்டாசியில் அரசாங்கத்துக் கணக்கெடுப்பு வந்தது. வீடு வீடாக வந்து மதம், சாதி, படிப்பு, வேலை எல்லாம் கேட்டு எழுதுகிற கணக்கெடுப்பு. ஆளுக்கு முந்தி ஸ்டிக்கர் வந்தது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் சந்தின் எல்லாக் கதவுகளிலும் எண் ஒட்டியிருந்தது. யார் ஒட்டினார்கள் என்று பார்த்தவர் இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, டோம்லூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வீணா ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கணக்கெடுப்புக்கு டீச்சர்களைத்தான் போடுவார்கள் என்பது தெரிந்ததே.

"தனம், நீ ஆஸ்டின் டவுன்தானே? எனக்கு உங்க ஏரியாதான் போட்டிருக்கா. இந்த லைன் எங்க வரும்?"

தனக்கோடி எட்டிப் பார்த்தாள். எங்கள் சந்து.

"அட, உங்க லைனேவா! அப்போ உங்காத்துக்கும் வருவேன். காபி குடுப்பியா?" என்று வீணா சிரித்தாள். கெட்டவள் இல்லை வீணா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எழுத இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

அன்று தனக்கோடி நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, வூட்ட பூட்டிக்கினு ஒரு வாரம் ஆனேக்கல் போயிடட்டா?"

"பூட்டியிருந்தா திரும்பித் திரும்பி வருவாங்கம்மா."

"வேற எதனா சொல்லிட்டா?"

இங்கேதான் நான் பெரிய மனுஷன் வேலை பார்த்தேன். சந்துச் சங்கத்தில் நான் செயலாளர். யாரும் மறைக்கக் கூடாது, எண்ணிக்கை குறைந்தால் நம் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியவனே நான். "மகா சர்டிபிகேட்டுல ஒண்ணு, இதுல ஒண்ணா? நாளைக்கு காலேஜ் சீட்டுக்குப் போறப்ப மாட்டிக்கும். உள்ளதைச் சொல்லு, தனக்கோடி. யாருக்குப் பயப்படணும்?" என்றேன். எனக்கென்ன, என் வேலையா போகப் போகிறது? ஜெராக்ஸ் மெஷினுக்குச் சாதி கிடையாது. இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஐந்து நாளும் வீணா பக்கத்து வீதிகளில் எழுதிக்கொண்டிருந்தாள். மாலையில் எந்த வீதி முடிந்தது என்று பிள்ளைகள் வந்து சொல்லும். தண்ணீர்த் தொட்டி வீதி முடிந்தது, சர்ச் பின்பக்கம் முடிந்தது. தனக்கோடி காலையில் அதே வீணாவுக்குத் தோசை வார்த்துவிட்டு, சாயங்காலம் வாசலில் நின்று தெருமுனையைப் பார்ப்பாள். தூக்கம் போயிற்று. காய் நறுக்கும்போது ஒருநாள் விரலைச் சீவிக்கொண்டாள். பதினைந்து வருடத்துக்கு மேல் கத்தி பிடித்த கை அது.

ஆறாம் நாள் நான்கு மணிக்கு வீணா வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். ஆதார் நகல் வேண்டும் என்று மகா என்னைக் கூப்பிட்டதால் நானும் உள்ளே இருந்தேன். வீணா உட்கார்ந்ததும் புத்தர் படத்தைப் பார்த்தாள். "அழகா இருக்கே" என்றாள். தனக்கோடி காபி கொண்டுவந்து வைத்தாள்.

பெயர், வயது எல்லாம் எழுதியாயிற்று. மதம் என்று வந்தபோது மகா முந்திக்கொண்டு, "பௌத்தம், மேடம்" என்றாள். வீணாவின் விரல் நின்றது. அடுத்த கேள்வியை அவள் தனக்கோடியைப் பார்க்காமல், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஜாதி... சொல்ல விருப்பமில்லைன்னாலும் போடலாம், தனம். கட்டாயம் ஒண்ணுமில்லை."

மகா அம்மாவையே பார்த்தாள். நானும் பார்த்தேன். புழுக்கமான அந்தச் சின்ன அறையில் மூன்று பேர் அவள் பதிலுக்குக் காத்திருந்தோம்.

"விருப்பம் இருக்குதும்மா. எஸ்.சி., ஆதி திராவிடர். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாள். இன்னும் நிறைய கேள்விகள் இருந்தன, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டாள். எழுந்தபோது காபி அப்படியே இருந்தது. "இப்பதான் அந்தாத்துல குடிச்சேன்" என்றாள். எங்கள் சந்தில் யார் வீட்டிலும் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாசல் தாண்டியதும் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நான் ஆத்துல ஒண்ணும் சொல்லமாட்டேன், தனம். சத்தியமா" என்றாள்.

சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

மறுநாள் வயிறு சரியில்லை என்றாள். அதற்கு மறுநாள் பழமும் கடைத் தயிரும். மூன்றாம் நாள் டயட் என்று சொல்லி, போனில் ஆர்டர் செய்து எதையோ வரவழைத்தாள். தனக்கோடி இதையெல்லாம் என்னிடம் வந்து சொல்லும்போது நான், "உண்மையிலேயே வயிறு சரியில்லாம இருக்கும்மா" என்று சப்பைக்கட்டு கட்டினேன். ஐந்தாம் நாள் தசரா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ரக்ஷாவின் சாப்பாட்டு டப்பாவில் வீணாவே ரொட்டியும் ஜாமும் வைத்தாள். குழந்தை, "தனம் மாமி புளியோதரைதான் வேணும்" என்று தரையில் உருண்டு அழுதது. வீணா அதட்டி இழுத்துக்கொண்டு போனாள். மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மாமி மட்டும் வழக்கம்போலவே சாப்பிட்டாள். அது ஒன்றுதான் தனக்கோடிக்கு ஆறுதல். மாமிக்குத் தெரியாதவரை வேலைக்கு ஆபத்தில்லை என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

ஒன்பதாம் நாள் மதியம் மாமி இரண்டாம் தடவை சாத்தமுது கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவி வந்து, "தனம், கதவைச் சாத்திட்டு இங்க வா" என்றாள். நடந்ததைத் தனக்கோடி எனக்கு ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"வீணா உன் கையால ஏன் சாப்பிடறதில்லைன்னு தெரியுமா?"

இனி ஒளித்து என்ன என்று தனக்கோடி நினைத்தாள். "எங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தாங்க மாமி. நாங்க யாருன்னு..."

"போறும். எனக்கு மொதல் நாளே தெரியும்."

தனக்கோடி நிமிர்ந்து பார்த்தாள்.

"காஞ்சிபுரம்னு சொன்னவாகிட்ட நான் கோயிலைப் பத்திக் கேக்காம இருப்பேனா? ஏன் கேக்கலை? கேட்டா நீ சொல்லியாகணும். சொன்னா உன்னை வெச்சுக்க முடியாது. உன் சாத்தமுது எனக்குப் பிடிச்சிருந்தது. வாயை மூடிண்டேன். தப்பா பண்ணினேன்?"

"தெரிஞ்சேதான் பதினோரு வருஷம் சாப்ட்டீங்களா மாமி?"

"ஆமாம். நன்னாதானே இருந்தது." மாமி ஊஞ்சலைக் காலால் தள்ளினாள். "இப்போ வீணாவுக்குத் தெரிஞ்சுடுத்து. நாளைக்கு ஹர்ஷாவுக்குச் சொல்லுவா, அப்புறம் சம்பந்தியாத்துக்குப் போகும். என்னைத்தானே கேப்பா, உங்களுக்குத் தெரியவே தெரியாதான்னு? தெரியாதுன்னுதான் நான் சொல்லியாகணும். நீ இங்க இருந்தா அதை எப்படிச் சொல்லறது?"

புதுப் புடவை ஒன்றும், மாதம் முடியாமலேயே முழுச் சம்பளமும் கொடுத்து அனுப்பினாள். புடவையைத் தனக்கோடி ஊஞ்சல் பலகையிலேயே வைத்துவிட்டு வந்தாள். பதினோரு வருட வேலை, கதவைச் சாத்தித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அந்தக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அங்கே வேலை செய்யும் யாரோ அதைத் தனக்கோடிக்கு அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லும்படி என்னிடம் போனை நீட்டினாள். எங்கள் சமையல்காரி தன்னைப் பற்றிப் பொய்த் தகவல் கொடுத்து எங்களை ஏமாற்றியிருப்பது இப்போதுதான் தெரியவந்தது, மற்றவர்களும் தங்கள் வீட்டில் சமைப்பவர்களை முறையாக விசாரித்துக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தது. கீழே பதினேழு பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். அனுப்பியவர் பெயர் அலர்மேல்மங்கை.

நான் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. தனக்கோடி போனை வாங்கிக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எங்கள் சந்திலிருந்து இன்னும் நான்கு பெண்கள் அந்தக் குடியிருப்பில் சமைக்கிறார்கள். அதில் ஒருத்தி அனுஷா, கைக்குழந்தைக்காரி. இருட்டுவதற்குள் மூச்சிரைக்க என் கடைக்கு ஓடிவந்தாள். "அண்ணே, காலைல கேட்டாண்ட நிக்க வெச்சு எங்கள எல்லாம் விசாரிக்கப் போறாங்களாம். நா இன்னான்னு சொல்றது?"

நோட்டீஸ் அடித்து ஒட்டிய நான் மெஷினில் காகிதம் அடுக்கத் தொடங்கினேன். தனக்கோடிதான் பெஞ்சில் இருந்தபடியே சொன்னாள்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும்டி. எப்பவோ தெரியும். நீ அத வாயத் தொறந்து சொல்றியா இல்லியான்னுதான் நாளைக்குப் பாக்கப் போறாங்க."