கேமராவை ஆன் செய்யுங்கள், தோழர்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் அரசியல் வகுப்பு. பள்ளியில் பாடம் நடத்தும் நான், இதைக் குன்னூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து கூகுள் மீட்டில் நடத்துவேன். வர்க்கம், உபரி மதிப்பு, சுரண்டல் என்று வாரம் ஒரு தலைப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் கோவையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்ப்பவர்கள். அவர்களும் தொழிலாளிகள்தான் என்று ஒரு வகுப்பு முழுக்க வாதாடி எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். ஆனாலும் உடலுழைப்பாளி ஒருவர்கூட இல்லையே என்ற உறுத்தல் போகவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். எங்கள் யூடியூப் பேச்சைக் கேட்டுவிட்டு அவளாகவே சேர்ந்தவள். சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கிறாள், நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. அவளுடைய அம்மாவும் அங்கேதான். சில மாதங்களில் ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் மகள் நிரந்தரமானால் வீடு அவர்களுக்கே தங்கும். நிரந்தரமாகப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை.

அவள் கேமராவை அணைத்தே வைத்திருப்பாள். எனக்கோ அந்த முகம் வேண்டியிருந்தது.

"கேமராவை ஆன் செய்யுங்கள், தோழர்."

"வேண்டாங்க டீச்சர். ஆபீஸ்ல யாராச்சும் பாத்தா வம்பாயிருமுங்க."

"நம்ம பயம்தான் தோழர் அவங்களோட மூலதனம்."

சொன்னதும் எனக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. நாலைந்து பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அவள் கேமராவை ஆன் செய்தாள். லைன் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது என்பதால் எஸ்டேட் குழந்தைகள் காப்பக வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுவரில் எஸ்டேட்டின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. வகுப்பு முடிந்ததும் வழக்கம்போல ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் முகநூல் பக்கத்தில் போட்டேன். "தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தோழர்!" என்று தலைப்பும் கொடுத்தேன். லைக்குகள் குவிந்தன. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

நிரந்தரப் பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. கேட்கப் போனவளிடம் சூப்பர்வைசர் தன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, "நீதான் பெரிய படிப்பெல்லாம் படிக்கிறியே, உனக்கெதுக்கும்மா இந்த வேலை?" என்றாராம்.

எனக்குத்தான் போன் செய்தாள். "ஒருக்கா மேனேஜரைப் பாத்து, அது சும்மா படிப்புதான்னு சொல்றீங்களா டீச்சர்? நீங்க சொன்னா கேப்பாங்க."

குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முதலாளியிடம் தனிநபராகப் போய்க் கெஞ்சுவது வர்க்க அரசியல் ஆகாது என்று கோவைத் தோழர் ஒருவர் முழ நீளத்துக்கு எழுதினார். கண்டனப் போஸ்டர் போடுவது என்று முடிவாயிற்று. அதற்கு அவளுடைய தெளிவான படம் ஒன்று கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டார். அதைப் படிக்கவே எனக்குக் கூசியது. ஆனால் அந்த முழ நீளப் பதிவு எனக்கு வசதியாகவும் இருந்தது. போகாமல் இருக்க ஒரு கொள்கை கிடைத்துவிட்டதே.

அம்மா ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்துவிட்டு கூடலூரில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டவில்லை. போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக விரலால் நகர்த்தினாள்.

"எல்லா மூஞ்சியும் இருக்குதுங்க டீச்சர். இதுல நீங்க எங்கீங்க?"

ஓரத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரமும் கீழே ஒரு புனைபெயரும் இருந்தன. அதுதான் நான். பள்ளி நிர்வாகம் பார்த்தால் வேலை போய்விடும் என்று ஒரு வகுப்பில்கூட நான் கேமராவை ஆன் செய்ததில்லை.